பதினோரு மணிப் பால்

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சொல்ல வந்த கதைக்கு அடிப்படையே அதுதான். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் இடத்துக்கும் உடைந்த கட்டில்களை அடுக்கிய கிடங்குக்கும் நடுவில் ஒரு நீள அறை. கதவைத் திறந்தால் ஃபார்மலின் நெடி முகத்தில் அறையும். புதிதாக வருகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "எப்படிங்க இதுக்குள்ள இருக்கீங்க?" என்று கேட்பார்கள். வேறு இடம் கொடுத்தால் நாங்கள் ஏன் இங்கே இருக்கப் போகிறோம்.

மேலே நோயாளிகளிடமிருந்து வெட்டியும் கிள்ளியும் எடுக்கிற சதையெல்லாம், கெடாமலிருக்க ஃபார்மலினில் ஊறியபடி டப்பாவில் எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்துக் கட்டியாக்கி, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டரிடம் கொடுக்க வேண்டும். டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதை ரிப்போர்ட்டாக அடிப்பது என் வேலை. பத்தொன்பது வருஷமாக ஊரார் தலையெழுத்தை உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

சீவுகிற வேலை அக்காவுடையது. கூடப் பிறந்தவள் இல்லை; இந்த அறையில் பிறந்த உறவு. ஆஸ்பத்திரி முழுக்க அவளை 'ஊதுற அக்கா' என்பார்கள். மெழுகுக் கட்டியை ஐஸ் மேல் வைத்து இறுக்கி, சீவும் இயந்திரத்தில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றும் முன் குனிந்து 'ஹா' என்று ஒரே ஒரு மூச்சு விடுவாள். அந்தச் சூட்டில் மெழுகு கொஞ்சம் இளகி, சீவல் சுருண்டுகொள்ளாமல் நாடா மாதிரி இறங்கி வரும். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். அவள் ஊதாமல் சீவி நான் பார்த்ததில்லை.

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த நெடியில் அக்காவின் இரண்டு கண்ணும் சிவந்து நீர் கொட்ட ஆரம்பித்தது. மற்றவர்கள் மாதிரி முந்தானையில் துடைத்துவிட்டுப் போகிறவள் இல்லை அவள். நெடியை வெளியே இழுக்க ஒரு காற்றாடி வேண்டும் என்று எழுதி, எங்கள் ஆறு பேரிடமும் கையெழுத்து வாங்கி, மேனேஜர் மேஜையில் வைத்தாள். ஏழு மாசம் மாடிப்படி ஏறி இறங்கினாள். கடைசியில் நிர்வாகம் மனமிரங்கி, காற்றாடிக்குப் பதில் பால் கொடுத்தது. சுவரில் ஓட்டை போடுவதைவிடப் பால் காய்ச்சுவது சுலபம் அல்லவா. நெடிக்குப் பால் முறிவு என்று எந்தக் காலத்திலோ யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார்கள். பால் அந்த நெடியை ஒன்றும் செய்யாது என்று எங்கள் டாக்டருக்குத் தெரியும். கிடைத்ததை விடுவானேன் என்று அவரும் வாயை மூடிக்கொண்டார்.

அதற்கும் மேனேஜர் ஒரு நிபந்தனை வைத்தார். "இது மருந்து. எல்லாரும் குடிக்கணும், ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும். ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலும், தேவையில்லன்னு எழுதி மொத்தமா நிறுத்திடுவேன்." அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு ஒரு தட்டில் ஆறு டம்ளர் வரும். கூட்டிப் பெருக்கும் அம்மா மட்டும் கையெழுத்தைப் போட்டுவிட்டு, தன் பங்கைப் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப் போவார். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அவருடைய புருஷனுக்கு அதுதான் பகல் ஆகாரம். அது எங்களுக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியாது. முதல் நாள் டம்ளரை வாங்கும்போது அக்காவின் முகத்தில் இருந்த பெருமை இருக்கிறதே, ஏதோ ராஜ்ஜியத்தைப் பிடித்தவள் மாதிரி இருந்தாள்.

அடுத்த வருஷம் அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. சாப்பிட்ட அரை மணிக்குள் வயிறு உப்பும், துணி பிழிகிற மாதிரி முறுக்கும், ஓட வேண்டியிருக்கும். நிமிர்ந்து நின்று வேலை செய்த நாளைவிட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நாள் அதிகமாயிற்று. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முன்கையில் இருபது இடத்தில் குத்தி, எந்தச் சாப்பாட்டுக்காவது தோல் தடிக்கிறதா என்று பார்த்தார்கள். ஒரு இடத்தில்கூட அரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் 'நார்மல்' என்ற காகிதத்தோடு திரும்பி வந்தாள். நார்மல் என்பதைப்போல மனுஷனைக் கைவிடுகிற வார்த்தை வேறு இல்லை.

வீட்டிலும் அவளுக்குப் போக்கிடம் இல்லை. அவள் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், சிக்கலே அதுதான். கத்துகிறவராக இருந்தால் திருப்பிக் கத்தலாம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, தோளைத் தடவி, "மனசுல எதையோ போட்டுக் குழப்பிக்கிற, அதான்" என்பார். தன் கையாலேயே பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்து, "இதைக் குடி, வயித்துக்கு இதமா இருக்கும்" என்பார். உறவுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவள் சாப்பிடாமல் கையை எடுத்தால் திமிர் என்பார்கள். சாப்பிட்டால் அவர்கள் வீட்டுக் கழிவறையில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். "அண்ணிக்கு நம்ம கை ருசிக்காது" என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே சொல்வாளாம். அக்கா கோதுமையை விட்டுப் பார்த்தாள், முட்டையை விட்டுப் பார்த்தாள், காரத்தை விட்டுப் பார்த்தாள். எதை விட்டாலும் வலி விடவில்லை. பாலை மட்டும் விடவில்லை. நோயாளிக்குக் கொடுப்பதே பால்தானே, அதை யார் சந்தேகப்படுவார்கள்.

ஒன்பது கிலோ இறங்கிய பிறகுதான் குடல் டாக்டர், குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அன்றைக்கு அவள் புருஷனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். என்னிடம் அதைச் சொன்னபோது என் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுலயும் ஒண்ணுமில்லன்னு வந்தா, அவர் சொல்ற மனசு டாக்டர்கிட்ட போறேன்னுட்டேன். மாத்திரை சாப்பிடுறேன், வயிறுங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

"எதுக்குக்கா இப்படி வாயக் குடுத்து மாட்டிக்கிற?"

"களைச்சுப் போச்சுடி. எத்தனை வருஷம்தான் எனக்கு நானே சாட்சி சொல்றது."

அவளுடைய டப்பா எங்கள் அறைக்கே வந்தது. வேறெங்கே போகும். உள்ளே எள்ளளவு நான்கு துணுக்குகள். கூட வந்த படிவத்தில் குடல் டாக்டர் எழுதியிருந்தார்: 'நாள்பட்ட வயிற்று வலி. எல்லாப் பரிசோதனையும் நார்மல். மனம் சார்ந்ததாக இருக்கலாம்.'

தன் சதையையும் தன் வீட்டார் சதையையும் தானே சீவக்கூடாது என்பது எங்கள் அறையின் விதி. எனவே கட்டி இன்னொரு ஆளிடம் போயிற்று. அவனுக்கு நாங்கள் வைத்த பேர் 'அவசரம்'. நல்ல பிள்ளைதான், ஆனால் எதையும் நடந்து செய்யத் தெரியாது. மெழுகுக் கட்டியை முதலில் கொஞ்சம் தடிமனாகச் சீவித்தள்ளி, சதை தெரிகிற மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய கட்டியென்றால் பத்துச் சுற்று அதிகமாகப் போனாலும் பாதகமில்லை. எள்ளளவு சதையில் பத்துச் சுற்று என்பது ஆளையே காலி பண்ணுகிற வேலை. அவசரம் கடகடவென்று சுற்றினான். அக்காவின் குடலில் முக்கால்வாசி மெழுகுச் சுருளோடு சுருளாகக் குப்பைத் தட்டில் விழுந்தது. ஒரு ஸ்லைடு தேறிற்று. அதில் வழக்கமான சாயம் ஏற்றி டாக்டரிடம் கொடுத்துவிட்டான்.

டாக்டர் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "நார்மல், வழக்கமான வரி போட்டுடு" என்றார்.

அந்த வழக்கமான வரி என் கம்ப்யூட்டரில் ஒரே பொத்தானில் இருக்கிறது. அழுத்தினால் போதும், 'குடல் சதையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை' என்று வந்து நிற்கும். நாளைக்கு இருபது தடவை அழுத்துவேன். அன்றும் அழுத்தினேன். மேலே அக்காவின் பேர், கீழே அந்த வரி. நாலு எட்டு தள்ளி அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாருடையதோ ஒரு கட்டியை ஊதிக்கொண்டிருந்தாள். எனக்குப் பிரிண்ட் கொடுக்கக் கை வரவில்லை. எத்தனை பேரை இந்த ஒரு பொத்தானால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேனோ.

எழுந்து டாக்டர் அறைக்குப் போனேன்.

"என்ன, பிரிண்டர் மக்கர் பண்ணுதா?"

"இல்ல டாக்டர். போன மாசம் ஒரு வாத்தியார் கேஸ்ல இதே மாதிரி நார்மல்னு சொன்னீங்க. அப்புறம் மார்க்கர் போட்டுப் பாத்துட்டு மாத்தச் சொன்னீங்க. ரெண்டு தரமும் நான்தான் அடிச்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கேஸ்ல மார்க்கர் போடச் சொல்லி மாடியிலேருந்து எழுதியிருந்தாங்க. இவங்க ஃபார்ம்ல மனசுன்னு எழுதியிருக்காங்களே."

"மனசுக்கு மார்க்கர் இருக்கா டாக்டர்? இல்லன்னா இருக்கிறதுக்குப் போடுங்களேன்."

பத்தொன்பது வருஷத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. என் காது சூடாகிவிட்டது. அவர் கோபிக்கவில்லை. மார்க்கர் என்பது சதையில் ஒரு குறிப்பிட்ட செல்லை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, அதைப் பழுப்பாகக் காட்டிக்கொடுக்கிற சாயம். ஒவ்வாமையைக் கிளப்பிவிடும் மாஸ்ட் செல் என்று ஒன்று இருக்கிறது. வழக்கமான சாயத்தில் அது மற்றச் செல்களோடு கலந்து நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். சில பேருக்கு ஒவ்வாமை குடல் சுவரோடு நின்றுவிடும், ரத்தத்திலும் தோலிலும் தெரியாது. வீட்டுக்குள் நடக்கிற சண்டை தெருவுக்குக் கேட்காத மாதிரி. இதெல்லாம் டாக்டர் அடிக்கடி சொல்லி நான் அடித்தவைதான்.

"சரி, என் பொறுப்புல போடலாம். கட்டியை எடுத்துட்டு வா" என்றார்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். மெழுகுக்குள் ஒரே ஒரு சாம்பல் நிறப் பொட்டு இருந்தது, அதுவும் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. டாக்டர் அவசரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"இன்னொரு தரம் குழாய் விடச் சொல்லலாமா?" என்றேன்.

"முதல் தரம் ஒத்துக்கவே குடல் டாக்டருக்குப் பத்து வருஷம் ஆச்சு" என்றார் டாக்டர்.

"நான் இதைத் தொட மாட்டேன் டாக்டர்" என்றான் அவசரம். முதல் முறையாக அவன் மெதுவாகப் பேசிக் கேட்டேன். "இதுக்கு அக்கா கைதான் வேணும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் மாடிக்கு டீ குடிக்கப் போறேன். வர இருபது நிமிஷம் ஆகும். இங்க யார் என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது." கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மணி பதினொன்றே கால். அக்கா அப்போதுதான் பால் குடித்திருந்தாள். நான் கட்டியை நீட்டி விஷயத்தைச் சொன்னபோதே ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டுதான் கேட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"கொஞ்ச நேரம் கழிச்சுப் பண்ணேன்க்கா."

"கழிச்சா டாக்டர் வந்துடுவாங்க. தள்ளி நில்லு."

ஐஸில் வைத்தாள். புது பிளேடு மாட்டினாள். கட்டி பிளேடுக்கு நேராக உட்கார வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் முதல் சீவலே சதையைத் தின்றுவிடும். இடது கண்ணை மூடிக்கொண்டு திருகைத் திருப்பினாள், பார்த்தாள், மறுபடி திருப்பினாள். பிறகு ஊதக் குனிந்தாள். மூச்சு வரவில்லை. வலி அவளைப் பாதியில் பிடித்து நிறுத்திவிட்டது. இயந்திரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நெற்றியில் வேர்வை அரும்பியது.

"நான் ஊதட்டுமாக்கா?"

"வேண்டாம்டி. நீ காலையில வெங்காயம் தின்னுட்டு வந்திருக்க."

அந்த நிலையிலும் அவளுக்கு வாய் குறையவில்லை. அவள் பல்லைக் கடித்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து 'ஹா' என்றாள். தன் குடல் மேலேயே தன் மூச்சை விட்டாள். கைப்பிடி சுற்றியது. முதல் சீவல் வெறும் மெழுகு. இரண்டாவதும் மெழுகு. மூன்றாவதில் பொட்டுத் தெரிந்தது. நான்காவதில் தெரிந்தது. ஐந்தாவது கிழிந்துவிட்டது. ஆறாவது வெறும் மெழுகு. கட்டியில் இனி ஒன்றும் இல்லை. வெந்நீரில் மிதக்கவிட்ட சீவல்களை ஸ்லைடால் ஏந்தி எடுத்தாள். ஒன்று மாஸ்ட் செல்லுக்கு, ஒன்று அதைக் கிளப்பிவிடும் ஒவ்வாமை எதிர்ப்பொருளுக்கு.

"ரெண்டு இருக்கு. போதும்" என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள்.

மறுநாள் முற்பகல் டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவருடைய மைக்ரோஸ்கோப்புக்கு இரண்டு முகம் உண்டு; ஒன்றில் அவர் பார்க்க, மற்றதில் இன்னொருவர் பார்க்கலாம். அக்காவை அங்கே உட்காரவைத்தார்.

"பழுப்பா இருக்கிறதை எண்ணுங்க."

"எதுக்கு டாக்டர் எண்ணறது" என்றாள் அக்கா. "மொளகு கொட்டின மாதிரி இருக்கு."

"ரெண்டு ஸ்லைடுமே அப்படித்தான் இருக்கு. இது மனசு இல்லைங்க. ஒவ்வாமை. எந்தச் சாப்பாட்டாலன்னு இது சொல்லாது, அதை ஒவ்வொண்ணா நிறுத்திப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். ஆனா வலி நிஜம்."

அக்கா கண்ணை எடுக்கவே இல்லை. மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தபடியே, "அப்ப நான் நடிக்கல" என்றாள்.

"நடிக்கறேன்னு யாருக்கா சொன்னது?"

"நான்தான். கொஞ்ச நாளா எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அந்த ரிப்போர்ட்டை நான் எந்தப் பொத்தானும் அழுத்தாமல் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அவள் வீட்டுக்காரர் கீழே வந்து, வாசலில் நின்று வாங்கிப் படித்தார். கண் கலங்கிவிட்டது பாவம். "இவ்வளவு இருந்திருக்கு, ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குக் கையிலிருந்த ஸ்டேப்ளரை அவர் மேல் எறியலாமா என்று இருந்தது.

குடல் டாக்டர் இப்போது மரியாதையாகப் பேசினார். கோதுமை, முட்டை, சோயா, பால் நான்கையும் ஆறு வாரம் நிறுத்தச் சொன்னார். அந்த ஆறு வாரமும் பதினோரு மணி டம்ளரை யாருக்கும் தெரியாமல் என் பக்கம் தள்ளிவிடுவாள். மூன்றாவது வாரத்தில் அவள் முகமே மாறிவிட்டது. மத்தியானம் என் சாப்பாட்டு டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தார்கள். கோதுமை ஒன்றும் செய்யவில்லை. முட்டை ஒன்றும் செய்யவில்லை. சோயாவும் பேசாமல் போயிற்று. நான்காவது பால். குடல் டாக்டர் அறையில் அவர் கண் முன்னால் ஒரு டம்ளர் குடித்தாள். நான் துணைக்குப் போயிருந்தேன். இருபத்தைந்து நிமிஷத்தில் நாற்காலியிலிருந்து மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தோளைப் பிடித்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்காடி ஏழு மாசம் ஏறி இறங்கினேன்."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பால் வேண்டாம் என்று சொன்னால் தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். அக்காவும் அப்படி நினைத்துத்தான் மாடி ஏறினாள். ரிப்போர்ட்டைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, பாலுக்குப் பதிலாகக் காற்றாடி மாட்ட முடியுமா என்று பொதுவாகக் கேட்டாள். மேனேஜர் உற்சாகமாகப் பேனாவை நீட்டினாராம். "பால் வேண்டாம்னு எழுதிக் குடுங்க, நாளைக்கே நிறுத்திடலாம். காற்றாடி வேற ஃபைல். அது அப்புறம்." அக்காவுக்கு அந்த ஐந்நூறு மில்லி பாட்டில்தான் ஞாபகம் வந்தது. கூட்டுகிற அம்மா அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பஸ் ஏறுவதை நாங்கள் தினம் பார்க்கிறோம். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"நானே கட்டின கூண்டு" என்றாள். உட்கார்ந்து காற்றாடிக்குப் புதிதாக ஒரு மனு எழுதினாள். அது போய் பதினான்கு மாசம் ஆகிறது.

வீட்டில் அவள் புருஷன் இப்போது பாலையே வாங்குவதில்லை. இங்கே பதினோரு மணிக்குத் தட்டு வருகிறது. அக்கா ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, டம்ளரை வாங்கி, கொண்டுவந்தவர் முதுகு திரும்பியதும் என் மேஜையில் வைக்கிறாள். கூட்டுகிற அம்மா தன் பங்குக்கு மேல் ஒரு சொட்டு வாங்க மாட்டார். கொட்டிவிடலாம், ஆனால் அவள் வாங்கிக் கொடுத்த பாலை அவள் கண்ணெதிரே சாக்கடையில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. அதனால் என்னுடையதையும் குடித்து அவளுடையதையும் குடிக்கிறேன். "உனக்காவது ஒத்துக்குதே, குடிடி" என்று சொல்லிவிட்டு அவள் போய்க் கட்டியை ஊதுகிறாள். பாலாடை வாயில் பட்டாலே எனக்குச் சின்ன வயசிலிருந்து குமட்டும். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.